சர்வர் சொன்ன பெயர்

"இது உங்க சர்வர்லேந்து வந்ததுதானே, ஹமீதா?"

கணேசன் கேட்டார். ஒரு தாளை மேசை மேல் என் பக்கம் தள்ளினார். அதில் ஒரு வரியின் மேல் மஞ்சள் கோடு இழுத்திருந்தார்கள். தேதி, நேரம், ஒரு எண், ஒரு பெயர். பெயர் முருகேசன்.

"ஆமா, நம்ம சர்வர்தான்," என்றேன்.

மூன்று சொல். ஒரு ஆளை ஊருக்கு அனுப்ப அது போதும்.

சாங்கி விமான நிலையத்தில் ஒரு சரக்குக் கிடங்கு. அதன் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறை. கீழே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது அடிக்கிற பீப் பீப் சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலி வரைக்கும் வரும். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் கணேசன், எங்கள் ஆப்பரேஷன்ஸ் மேனேஜர். இன்னொருவர் மனிதவளத் துறை மிஸ் டான். இந்தப் பக்கம் முருகேசன், குளிர் அறையில் வேலை செய்பவர். புதுக்கோட்டைப் பக்கம் ஊர். நாற்பது வயது. பத்து வருடத்துக்கு மேல் எங்கள் கிடங்கில்தான் இருக்கிறார். நான் மேசையின் ஓரத்தில், இரண்டு பக்கத்துக்கும் சேராமல் உட்கார்ந்திருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள், புதன்கிழமை, மதியம் மூன்று மணி வாக்கில், ஊசி மருந்துப் பெட்டிகள் அடுக்கிய இரண்டு பேலட்டுகள், அதாவது மரத் தட்டுகள், குளிர் அறையிலிருந்து வெளி அடுக்குக்குப் போயின. யாராவது ஒருவர் டேப்லட் திரையிலோ கம்ப்யூட்டர் திரையிலோ 'மாற்று' என்று அழுத்தினால் போதும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் தன் திரையில் வருகிறதைச் செய்துவிட்டுப் போவார். அவர் வேலை அது. சாயங்காலம் வரை மருந்து தகரக் கூரைக்குக் கீழே வெந்தது. எல்லாம் பாழ். யார் அழுத்தியது என்று சர்வரின் லாக் பதிவேட்டில் தேடினார்கள். முருகேசன் என்றது சர்வர்.

"அக்கா," என்றார் முருகேசன். கணேசனிடம் இல்லை, என்னிடம். "என் டேப்லட் உங்ககிட்டதானே இருக்கு? கண்ணாடி உடைஞ்சுபோச்சுன்னு திங்கக்கிழமையே கொடுத்தேனே."

"அது வேற விஷயம் தம்பி. லாக்ல பேர் இருக்கு. லாக் பொய் சொல்லாது."

நான்தான் சொன்னேன். இந்த வாயால்.

மிஸ் டான் ஆங்கிலத்தில் பேசினார். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும் என்றார். வேலை அனுமதி பாஸ் ரத்தானால் விமான டிக்கெட்டைக் கம்பெனியே போட்டுத் தரும் என்றார். ஏதோ பிறந்தநாள் பரிசு கொடுப்பது போல் அதைச் சொன்னார்.

போன வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் கடிதம் போட்டுத் திட்டியிருந்தார்கள். இந்த வாரம் என் வேலையைப் பற்றி. தாராளமாகத் திட்டலாம். நானே தொடங்கி வைக்கிறேன்.

யாரது?

கம்பெனியின் நெட்வொர்க்கையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் தொழில்காரர்கள் இதை ராக்கெட் விடுகிற வேலை மாதிரி பேசுவார்கள். நம்பாதீர்கள். பாதி வேலை, கதவைத் தட்டுகிறவன் யார் என்று கேட்பது. மீதி வேலை, கேட்ட பதிலை ஞாபகம் வைத்துக்கொள்வது.

எங்கள் கிடங்கில் ஆளுக்கு ஒரு டேப்லட். ஒவ்வொரு டேப்லட்டுக்கும் சர்வரோடு பேச ஒரு எண் வேண்டும், வீட்டுக்கு பிளாக் நம்பரும் கதவு நம்பரும் இருப்பது மாதிரி. ஆனால் இந்த எண் சொந்தமில்லை, வாடகை. டேப்லட் ஒரு நாள் அணைந்து கிடந்தால் எண் பறிபோகும். அடுத்து வருகிற சாதனம் அந்த எண்ணில் குடியேறும்.

சர்வருக்கு எண் மட்டும்தான் தெரியும். அதனால் யாராவது எதையாவது அழுத்தினால் அது இரண்டு கேள்வி கேட்கும். பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் இன்னொரு சர்வரிடம், 'இந்த எண்ணில் இருக்கிற மெஷின் எது?' அப்புறம் அந்த மெஷினிடமே, 'உன்னை வைத்திருக்கிறவர் யார்?' இரண்டு பதிலும் வந்த பிறகு பதிவேட்டில் எழுதும். அதுதான் லாக்.

ஒவ்வொரு அழுத்தலுக்கும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் நேரமாகும். அதுவும் எங்கள் பெயர்ப் பட்டியல் சர்வர் தலைமை அலுவலகத்தில், கடல் தாண்டி வேறு நாட்டில் இருந்தது. அதனால் ப்ரோகிராமில் ஒரு வசதி வைத்திருந்தார்கள். ஒரு முறை கேட்ட பதிலைப் பத்து நிமிடம் ஞாபகம் வைத்திருக்கும். பத்து நிமிடம் ஆனதும் மறந்துவிடும். அடுத்த முறை புதிதாகக் கேட்கும்.

மறக்கிற அந்த இடம்தான் முக்கியம். அதை எழுதியவனுக்கு மூளை இருந்தது.

எப்பவும் போல

தேக்காவில் நான் வாராவாரம் சாப்பிடுகிற கடை ஒன்று உண்டு. அங்கே பரிமாறுகிற சேகர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே உள்ளே பார்த்துக் கத்துவான்.

"அக்காவுக்கு எப்பவும் போல!"

உட்காருவதற்குள் நுரை பொங்க ஆற்றிய தேநீர், தே தாரிக், வந்துவிடும். அரை டம்ளர் பால், அரை டம்ளர் சீனி.

"சேகரு, எனக்குச் சீனி வியாதி வந்து ரெண்டு வருஷமாச்சுப்பா."

"அப்படியா? சொல்லவே இல்லையேக்கா."

"போன வாரம் சொன்னேன். அதுக்கு முந்தின வாரமும் சொன்னேன்."

"அப்ப இதை என்ன பண்றது?"

"நீயே குடி."

குடித்தான். அடுத்த வாரமும் "எப்பவும் போல" என்று கத்தினான். அவனுக்கு என் மேல் பாசம் இல்லாமல் இல்லை. என்னைத் தெரியும் என்று நினைத்துவிட்டான், அதனால் கேட்பதை நிறுத்திவிட்டான். ஒரு டம்ளர் தேத்தண்ணியோடு அது போகிறது. நான் செய்ததும் அதேதான். ஆனால் நான் செய்தது ஒரு கிடங்கு முழுக்க.

ஒரே ஒரு எண்ணை மாற்றினேன்

"சிஸ்டம் தூங்குது லா, அக்கா." கிடங்கில் போகிற வருகிறவர்கள் எல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

கணேசன் என் அறைக்கே வந்துவிட்டார். "ஹமீதா, ஒரு பேலட்ட அழுத்திட்டுக் கீழ போய்க் கோப்பி குடிச்சிட்டு வரேன், இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. ஏதாவது பண்ணுங்க."

செய்திருக்க வேண்டிய சரியான வேலை எனக்குத் தெரியும். பெயர்ப் பட்டியலின் நகல் ஒன்றை இங்கேயே, நம் கட்டிடத்திலேயே வைப்பது. அதற்குப் படிவம் நிரப்ப வேண்டும். தலைமை அலுவலகத்தோடு சண்டை போட வேண்டும். அவர்கள் விழித்திருக்கிற நேரத்தில் நான் கூட்டத்துக்கு உட்கார வேண்டும். எனக்குச் சோம்பல்.

பத்து நிமிடம் என்று இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டேன். அந்த ப்ரோகிராமில் பூஜ்யம் என்றால் மறக்கவே மறக்காதே என்று பொருள். ஒரு முறை ஒரு எண்ணுக்கு ஒரு பெயரைக் கேட்டுவிட்டால் சாகிற வரைக்கும் அந்த எண்ணுக்கு அந்தப் பெயர்தான்.

மறுநாள் கிடங்கே பறந்தது. கணேசன் எல்லாருக்கும் மெயில் போட்டார். என் பெயரைப் போட்டு, நன்றி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கைதட்டும் படம். அந்த மெயிலை மூன்று தரம் படித்தேன். வெட்கம் கெட்டவள்.

தவறு மாதக்கணக்கில் வெளியே தெரியவில்லை. ஆளுக்கு ஒரு டேப்லட், எந்நேரமும் அணையாமல் கிடக்கும், அதனால் எண்கள் இடம் மாறவில்லை. யாருடைய டேப்லட்டாவது உடைந்தால்தான் வினை.

இதிலும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. சர்வரை ஒரு முறை அணைத்துப் போட்டால் அது ஞாபகம் வைத்த அத்தனையும் போய்விடும். தினம் ராத்திரி ஒரு முறை அணைத்துப் போட்டிருந்தாலே போதும். ஏன் போடவில்லை? அதற்குக் காரணம் எங்கள் தொழிலில் இருக்கிற ஒரு அசிங்கமான பெருமை.

சர்வர் எத்தனை நாள் நிற்காமல் ஓடுகிறது என்று எண்ணுவோம். இதில் ஒரு பயனும் கிடையாது. சந்திக்கிற இடத்தில் எல்லாம், "உன்னுது எத்தனை நாள்?" என்று கேட்டுக்கொள்வோம். ஆண்கள் மீசை முறுக்குவது மாதிரி. நான் பெண் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடவே முறுக்க வேண்டியிருந்தது. என் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. காலையில் வந்ததும் கைப்பையை வைப்பதற்கு முன்னாலேயே நேற்றைய எண்ணை அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவேன். பாதுகாப்புக்காக அணைத்துப் போடு என்று வருகிற அறிவிப்புகளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். அந்தப் பலகையைப் பார்க்க ஆள் வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பார்க்கட்டும் என்று நகர்ந்து உட்காருவேன்.

மன்னார்குடி

எனக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், இருபது வயதிலேயே தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

என் முதல் வேலை சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு இன்டர்நெட் கடையில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊருக்குப் பேச வருகிறவர்கள் படிக்கட்டு வரைக்கும் நிற்பார்கள். பத்துக் கம்ப்யூட்டர். முதலாளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருந்தார். "ரோஜால ஆள் எந்திரிச்சாச்சு, அடுத்த ஆள்!" என்று நான் கத்த வேண்டும்.

ஒரு ஞாயிறு ரோஜாவில் இருந்தவர், வெளியேறு என்பதை அழுத்தாமல் எழுந்து போய்விட்டார். அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். திரையில் பேச்சுப் பெட்டி திறந்தே கிடந்தது. 'சாப்டீங்களா?' என்று வந்தது. இவர் மரியாதையான மனிதர். 'சாப்டேன்மா' என்று அடித்தார். பையனுக்குக் காய்ச்சல் என்று வந்தது. 'டாக்டர்ட்ட காட்டினியா?' என்றார். காட்டினாளாம், மருந்து கொடுத்தார்களாம். 'கஞ்சி வச்சுக் குடு' என்றார். இப்படியே இருபது நிமிடம் குடும்பம் நடத்திவிட்டு என்னிடம் எழுந்து வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"தங்கச்சி, எங்கம்மாவுக்கு மூட்டுவலின்னு எழுதுறா. எங்கம்மா செத்து நாலு வருஷமாச்சே."

போய்ப் பார்த்தேன். "அண்ணே, அது முன்ன இருந்தவரோட பொட்டி, மன்னார்குடி. உங்க சம்சாரம் எந்த ஊரு?"

"தேவகோட்டை."

"அப்ப இது உங்க சம்சாரம் இல்லை."

வேர்வையைத் துடைத்தார். "நானும் நெனச்சேன். இவ்வளவு பொறுமையா பேச மாட்டாளேன்னு."

கடையே சிரித்தது. ஆனால் அந்த மன்னார்குடிப் பெண் ஒரு அந்நியனிடம் தன் வீட்டுக் கதையெல்லாம் சொல்லியிருந்தாள். அன்றைக்கு மேல் ஒரு ஆள் எழுந்தால் நானே போய் வெளியேறு என்பதை அழுத்திவிட்டுத்தான் அடுத்த ஆளை உட்கார விடுவேன். நாற்காலியில் ஆள் மாறினால் பெயரும் மாற வேண்டும். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்புறம் சான்றிதழ்கள் வாங்கினேன், பதவி வந்தது, பலகை வந்தது. புத்தி போய்விட்டது.

இழுப்பறையில் இருந்த ஆள்

கூட்டம் முடிந்து என் அறைக்கு வந்தேன். கையில் அந்தத் தாள் இருந்தது. கோப்பில் வைப்பதற்கு ஒரு கிளிப் தேடினேன். கீழ் இழுப்பறையைத் திறந்தேன்.

பதினோராம் எண் டேப்லட் அங்கே கிடந்தது. கண்ணாடி சிலந்திக்கூடு மாதிரி வெடித்திருந்தது. பின்பக்கம் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, நீலப் பேனாவில் 'முருகேசன்' என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்து. அழுத்தி எழுதியிருந்தார், யாரும் எடுத்துவிடக் கூடாது என்று.

பொத்தானை அழுத்திப் பார்த்தேன். உயிரில்லை. சார்ஜ் இறங்கி எத்தனை நாளோ.

திங்கட்கிழமை அவர் இதே இடத்தில் நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "மாத்து டேப்லட் இருக்காக்கா?" என்று கேட்டார். அடுத்த வாரம்தான் வரும், அதுவரைக்கும் தாளில் எழுதுங்கள் என்றேன். சரி என்று போனார். திங்களிலிருந்து அவர் எந்தத் திரையையும் தொடவில்லை. தொட அவரிடம் திரையே இல்லை. அதை அவர் அந்த அறையில் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வேற விஷயம் தம்பி என்றேன்.

உட்கார்ந்தேன். எண் வாடகைக்கு விடுகிற பட்டியலைத் திறந்தேன். பதினோராம் டேப்லட்டிடம் இருந்த எண் செவ்வாய்க்கிழமை கைமாறியிருந்தது. புதுக் குடித்தனம் ஒரு மடிக்கணினி. கணேசனுக்கு அந்த வாரம் வந்த புது மடிக்கணினி. சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்து அதைத் தயார் செய்து கொடுத்ததும் நான்தான்.

பிறகு சர்வரின் ஞாபகத்தில் அதே எண்ணைத் தேடினேன். பதினோராம் டேப்லட், முருகேசன் என்றது. மாதக்கணக்கில் யாரையும் மறுபடி கேட்காமல் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பழசு.

லாப்ஸ்டர்

கணேசனின் கண்ணாடி அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"சார், புதன்கிழமை மூணு மணிக்கு உங்க புது லேப்டாப் எங்க இருந்துச்சு?"

"என்ன ஹமீதா, போலீஸ்ல சேந்துட்டீங்களா?"

"எங்க இருந்துச்சு?"

"என்கிட்டதான். கீழதான் சுத்திக்கிட்டிருந்தேன். லாப்ஸ்டர் எறா லோடு வந்து நின்னுச்சு, கோல்ட் ரூம்ல இடமே இல்லை. பழைய பேலட்ட எல்லாம் நாலைஞ்சு நகத்தி விட்டேன், அதான்..."

நிறுத்தினார். மேசை மேல் இருந்த லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுல மருந்தா?"

"ரெண்டு பேலட்டு."

அந்த ஆள் அயோக்கியன் இல்லை. இதை எழுதுகிறபோது அதையும் எழுதத்தான் வேண்டும். காலையில் அந்தத் தாளை என்னிடம் தள்ளியபோது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பட்டியலை முழுசாகப் படிக்காமல் நாலைந்தை ஒரே தட்டில் நகர்த்திவிட்டு, நகர்த்தியதையும் மறந்துவிட்டார். ஆனால் தெரிந்த பிறகு முதலில் வாயில் வந்ததைக் கேளுங்கள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை."

கதவை எட்டிச் சாத்தினார். "சிஸ்டம் இஷ்யூன்னு போட்டுரலாமா? பாருங்க, உங்களுக்கும் பிரச்சினை, எனக்கும் பிரச்சினை. செட்டிங்ஸ மாத்தினது நீங்கதானே? இப்படிப் போட்டுட்டா எல்லாருக்கும் நல்லது. முருகேசனையும் விட்டுரலாம்."

"விட்டுரலாமா? அவர் என்ன நாயா, அவுத்து விட?"

"கோபப்படாதீங்க ஹமீதா."

"நீங்களும் நானும் பண்ணின வேலைக்கு அந்த ஆளு பெட்டியக் கட்டிக்கிட்டிருக்காரு சார்."

நேரே மிஸ் டானிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் பூஜ்யம், கணேசனின் மடிக்கணினி, இழுப்பறையில் செத்துக் கிடந்த டேப்லட். டேப்லட்டையே கொண்டுபோய் மேசை மேல் வைத்தேன். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். கேள்விகள் நன்றாகத்தான் கேட்டார். புத்திசாலி. அவருடைய அறிக்கையை அப்புறம் படித்தேன்.

காலையில் முருகேசன் பெயர் இருந்தபோது அதற்குப் பெயர் கவனக்குறைவு. சாயங்காலம் கணேசன் பெயர் வந்ததும் அதே காரியம் 'நடைமுறையில் ஒரு இடைவெளி' ஆகிவிட்டது. ஒரே மருந்து, ஒரே கூரை, ஒரே வெயில். அறிக்கையில் ஒரு மனிதன் பெயர்கூடக் கிடையாது. இடைவெளி தானாக வந்து பேலட்டைத் தூக்கிக்கொண்டு போனது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முருகேசனுக்குச் செய்தி போனது. வழக்கம் போல் வேலைக்கு வரவும். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

நான் பத்து நிமிடத்தைத் திரும்பப் போட்டேன். சர்வரை அணைத்துப் போட்டேன். பலகையைத் துடைத்தேன்.

கோளாறு என்றால் யார்?

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முருகேசன் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"எழுத்துல ஒண்ணு வேணும் அக்கா."

"என்ன எழுத்து?"

"நான் பண்ணலைன்னு. வியாழக்கிழமையே ரூம்ல இருக்கிற பசங்க ஊருக்குப் போன் அடிச்சுட்டாங்க. முருகேசன் மருந்தக் கெடுத்துட்டான், அனுப்பப் போறாங்கன்னு. என் மச்சான் எனக்கே போன் பண்றான், எப்ப வர்றன்னு. இப்ப இல்லைன்னு சொன்னா, காலப் பிடிச்சுத் தப்பிச்சுட்டான்னு பேசுறாங்க. என் சம்சாரம் தண்ணிக்குப் போன எடத்துல கேக்குறாங்களாம்."

சர்வரை அணைத்துப் போட எனக்குத் தெரியும். ஊர் வாயை அணைத்துப் போட எந்தப் பொத்தானும் கிடையாது.

மிஸ் டானிடம் கேட்டேன். விவகாரம் முடிந்துவிட்டது, கடிதம் தருகிற வழக்கம் இல்லை என்றார். குற்றம் சொல்வதற்கு ஒரு கட்டுத் தாள் இருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு தாள் கிடையாது. நானும் எதுவும் எழுதித் தரக் கூடாது, என் ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார்.

எழுதினேன். கம்பெனி தாளில் இல்லை, வெள்ளைத் தாளில். ஊரில் படிக்க வேண்டியது என்பதால் தமிழில். மறுநாள் அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மெதுவாகப் படித்தார்.

"அக்கா, இந்த வரி."

"எது?"

"'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக முருகேசனின் பெயர் தவறுதலாகப் பதிவாகிவிட்டது.' கோளாறுன்னா யாரு?"

"கோளாறுன்னா... சர்வர்ல ஒரு செட்டிங்."

"அது தானா மாறிக்குச்சா?"

"இல்லை. நான்தான் மாத்தினேன்."

"அதப் போடலையே." குரலில் கோபம் இல்லை. தாளை மேசை மேல் வைத்துத் தட்டையாக நீவினார். "அந்த ரூம்ல வச்ச பேப்பர்ல என் பேரு மட்டும் தெளிவா போட்டிருந்துச்சு. மஞ்சள் கோடெல்லாம் போட்டிருந்தாங்க. இதுல யார் பேரும் இல்லை. என் மச்சான் படிச்சுட்டு என்ன கேப்பான்? நீ இல்லைன்னா பின்ன யாருன்னு கேப்பான். நான் கோளாறுன்னு சொல்லவா?"

மிஸ் டானின் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு வாரம் கொதித்துக்கொண்டிருந்தவள், உட்கார்ந்து எழுதியபோது நானும் அதையேதான் எழுதியிருந்தேன். இடைவெளி என்று எழுதவில்லை, கோளாறு என்று எழுதினேன். சொல்தான் வேறு.

"உக்காருங்க தம்பி," என்றேன்.

"நிக்கிறேன்."

அவர் நிற்க, நான் மறுபடி எழுதினேன். சர்வர் பழைய பெயரை மறக்காதபடி மாற்றியது ஹமீதா, அதாவது நான். அந்த நேரத்தில் முருகேசனின் டேப்லட் உடைந்து என் இழுப்பறையில் இருந்தது. அது தெரிந்திருந்தும் விசாரணையில் அவருக்கு எதிராகப் பேசியது நான்.

பேனா அங்கே நின்றது.

"மேனேஜர் சாரு பேரு?" என்றார்.

"அதப் போட்டா எனக்கு வேலை போனாலும் போகும் தம்பி."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு அக்கா."

போட்டேன். பேலட்டை மாற்றும்படி அழுத்தியது மேனேஜர் கணேசன். கீழே கையெழுத்து, அதற்குக் கீழே என் முழுப்பெயர், என் வேலை, தேதி.

அதற்காக எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கம்பெனி தாளில், என் பெயரைத் தப்பில்லாமல் போட்டு. வேலை போகவில்லை. என் இடத்துக்கு வேறு ஆள் தேடுவது அவர்களுக்குத் தொல்லை, அதனால் போகவில்லை. அதை நியாயம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கணேசன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அது நிம்மதியாக இருந்தது.

ஆனால் அன்று என் அறையில் இதெல்லாம் இன்னும் வரவில்லை. முருகேசன் தாளை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்த முறை ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் விரல் வைத்துப் படித்தார். கைபேசியில் படம் எடுத்தார். மங்கலாக விழுந்ததோ என்னவோ, இன்னொன்று எடுத்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குளிர் அறைக்குப் போனார்.

நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரையும் திட்டியிருப்பேன்.